காற்றுக்கு ஒரு ரவுண்டு

போர்வை என்னை இழுத்துக்கொண்டு ஓடியது.

எழுத்துப் பிழை இல்லை. நான் போர்வையை இழுக்கவில்லை; போர்வைதான் என்னை இழுத்தது. மே மாத மத்தியானம், மூன்று மணிக்கு மேல் இருக்கும். மொட்டை மாடியில் காய்ந்ததையெல்லாம் எடுத்து வா என்று அம்மா அனுப்பியிருந்தாள். கொடியில் கடைசியாகத் தொங்கியது அப்பாவின் பெரிய போர்வை. இரண்டு முனையையும் இரண்டு கையில் பிடித்து ஓர் உதறு உதறினேன். அந்த நேரம் பார்த்துக் கடற்காற்று வந்து சேர்ந்தது.

காலையிலிருந்து மூச்சு விடாமல் கிடந்த ஊர். ஓர் இலை அசையவில்லை. திடீரென்று யாரோ கதவைத் திறந்துவிட்ட மாதிரி வரும் பாருங்கள் ஒரு காற்று, அது. பெசன்ட் நகரில் எங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவில் அப்போது கட்டாத மனைகளும் நாலு பனைமரமும்தான். வந்த காற்று நேராக என் போர்வைக்குள் புகுந்துகொண்டது.

போர்வை பூரி மாதிரி உப்பியது. என் இரண்டு குதிகாலும் கொதிக்கிற தரையில் தேய்ந்துகொண்டே போயின. விடவும் தோன்றவில்லை. மேற்குப் பக்கத்துக் கைப்பிடிச் சுவரில் வயிறு இடித்துத்தான் நின்றேன். வலித்தது. ஆனால் வலி மண்டைக்குப் போய்ச் சேருவதற்குள் அங்கே வேறொன்று போய் உட்கார்ந்துவிட்டது.

காற்று தள்ளுகிறது! அப்படியென்றால் சீனு வண்டியில் ஏறலாம்!

துணி மூட்டையை மாடிப் படியிலேயே போட்டுவிட்டு ஓடினேன். பின்னால் அம்மாவின் குரல் துரத்தியது. அம்மாவுக்குத் திருநெல்வேலிச் சீமை. பட்டணம் வந்து எத்தனை வருஷம் ஆனாலும் கோபம் வந்தால் அந்த ஊர்தான் பேசும்.

“ஏட்டி வசு! துணிய எங்கட்டி போட்ட? பேய் பிடிச்ச மாதிரில்லா ஓடுதா!”

தள்ளினால்தான் ஏறலாம்

இருபத்திரண்டு வயதில் நினைவுக் குறிப்பு எழுத வந்துவிட்டாளே என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். பம்பரம், கில்லி, ஏழாங்கல் என்று சென்ற வாரங்களில் நான் அடுக்கியதைப் படித்துவிட்டு, கோபாலபுரத்திலிருந்து ஒரு வாசகர் கோபமாகக் கார்டு போட்டிருக்கிறார். “பேரிங் வண்டியை எப்படி அம்மா விட்டீர்கள்?” என்று ஒரே வரி. விடவில்லை ஐயா. ஆசையாக எடுத்து வைத்திருந்தேன்.

தெரியாதவர்களுக்காக: ஒரு பலகை. பின்னால் இரண்டு, முன்னால் ஒன்று என்று மூன்று பழைய பேரிங்குகள். லாரிப் பட்டறையில் தேய்ந்துபோனது என்று தூக்கி எறிவார்களே, உள்ளே குண்டுகள் உருளும் இரும்பு வளையம், அதுதான் சக்கரம். முன்சக்கரம் ஒரு குறுக்குக் கட்டையில் இருக்கும். அந்தக் கட்டையில் கட்டிய கயிற்றை இழுத்தால் வண்டி திரும்பும். அவ்வளவுதான் வண்டி. பிரேக்? உங்கள் உள்ளங்கால்.

தார் ரோட்டில் அது போகிற சத்தம் இருக்கிறதே! பல் கூசும், காது அடைக்கும், பக்கத்துத் தெரு நாய் எழுந்து நிற்கும். எங்களுக்கு அதுதான் சங்கீதம். விளையாடி முடித்தால் கையெல்லாம் கிரீஸ் வாசனை. சாம்பார் சாதம்கூடக் கொஞ்சம் கிரீஸாகத்தான் இருக்கும்.

ஆனால் பாருங்கள், சென்னை ஒரு தட்டையான ஊர். மேடு என்று எதுவும் கிடையாது. வண்டி தானாக உருள வழியே இல்லை. யாராவது முதுகில் கை வைத்துத் தள்ள வேண்டும். அதனால் எங்கள் தெருவில் ஒரு சட்டம் பிறந்தது. யார் தள்ளுகிறார்களோ அவர்களுக்குத்தான் அடுத்த ரவுண்டு சவாரி. ஒரு ரவுண்டு தள்ளு, ஒரு ரவுண்டு ஏறு. வீட்டுக்காரர் பிள்ளையாக இருந்தாலும் சரி, விருந்துக்கு வந்த பிள்ளையாக இருந்தாலும் சரி.

சட்டத்தைப் போட்டவன் குமார். வண்டிக்குச் சொந்தக்காரன். ஹவுஸிங் போர்டு குடியிருப்பில் இருந்தான். அவன் மாமா சைதாப்பேட்டையில் பட்டறையில் வேலை பார்த்ததால் பேரிங் வந்து சேர்ந்தது. எனக்குப் பதினொன்று என்றால் அவனுக்குப் பன்னிரண்டரை. அந்த ஒன்றரை வயதை வைத்துக்கொண்டு தெருவையே ஆண்டான்.

சீனுவும் ஸ்ட்ரெச்சரும்

சீனு அடுத்த வீடு. மயிலாப்பூரிலிருந்து எங்களுக்கு ஆறு மாதம் முன்னால் குடி வந்தவர்கள். சின்ன வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து அவனுக்கு வலது கால் சூம்பியிருந்தது. இரும்புக் கம்பியும் தோல் வாரும் வைத்த காலிபர் போட்டுக்கொண்டு நடப்பான். டக், டக் என்று வருவது கேட்டால் நாங்கள் சண்டையை நிறுத்திக்கொள்வோம். ஏனென்றால் யார் சரி என்று அவன் வந்து சொல்லிவிடுவான்.

வண்டியின் வைத்தியன் அவன்தான். பேரிங் இறுகிப்போனால் மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, குண்டுகளை ஒவ்வொன்றாக உருட்டிப் பார்த்து, மறுபடி வழுக்க வைப்பான். ஆனால் ஏறியதில்லை. தள்ள முடியாது, அதனால் ஏற மாட்டான். சட்டத்தை எங்களைவிட அவன்தான் கறாராகப் பிடித்துக்கொண்டான்.

ஒரு தடவை நாங்கள் ஏற்றிப் பார்த்தோம். பொங்கல் லீவு என்று நினைவு. “பாவம்டா, ஒரு ரவுண்டு குந்திக்கோ, நான் தள்றேன், நீ தள்ள வாணாம்,” என்று குமார் நல்ல மனசோடுதான் சொன்னான். சீனு உட்கார்ந்தும்விட்டான். பாதித் தெரு போனதும் நல்ல காலைத் தரையில் ஊன்றி வண்டியை நிறுத்தினான். இறங்கினான். எங்களைத் திரும்பிப் பார்க்காமல் டக், டக் என்று வீடு வரை நடந்தே வந்தான்.

கேட்டின் மேல் கை வைத்துக்கொண்டு ஒன்று சொன்னான். இன்று வரை எனக்கு மறக்கவில்லை.

“பாவம்னு ஏத்தினா அது வண்டி இல்லைடா. ஸ்ட்ரெச்சர்.”

அதற்குப் பிறகு யாரும் அவனைக் கூப்பிடவில்லை. ஆனால் வண்டி போகும்போது அவன் தலை எப்படித் திரும்பும் என்று எனக்குத் தெரியும். நான் அடுத்த வீட்டுக்காரி அல்லவா?

அதனால்தான் போர்வை இழுத்தவுடன் அவன் வீட்டு வாசலுக்கு ஓடினேன். சீனு காலை நீட்டிப் படியில் உட்கார்ந்து, ஒரு பேரிங்கைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். வண்டியில் கப்பல் மாதிரி பாய் கட்டினால் காற்றே தள்ளும் என்று மூச்சு வாங்க, பாதி சைகையும் பாதிப் பேச்சுமாகச் சொன்னேன்.

அவன் தலையை நிமிர்த்தவில்லை. “பாவம்னு யோசிச்சியா?”

“இல்லடா. காத்து என்னை இழுத்துட்டுப் போயிடுச்சு. பயந்துட்டேன். உடனே உன் ஞாபகம் வந்துது.”

“பயந்தா என் ஞாபகமா? நன்னா இருக்கே!” என்றான். பேரிங்கைத் துடைக்கும் கை நின்றுவிட்டது. “சரி, காத்து தள்ளிண்டே போனா நான் எங்கடி போய் நிப்பேன்? வேளச்சேரியிலயா?”

கிண்டல்தான். ஆனால் காது சிவந்திருந்தது. சீனுவுக்கு ஆசை வந்தால் காதுதான் முதலில் சொல்லும்.

குழாய் மேல் உட்கார்ந்த கோர்ட்

தெருமுனையில் பாதாளச் சாக்கடைக்காக இறக்கிவைத்த சிமென்ட் குழாய்கள் கிடந்தன. உள்ளே நாங்கள் நிமிர்ந்து நடந்து போகலாம், அத்தனை பெரிசு. பஞ்சாயத்து எதுவானாலும் அதன் மேல்தான். அன்று சாயங்காலம் குமார் குழாய் மேல் ஏறிக் குந்திக்கொண்டு முழுவதையும் கேட்டான். தாடையைச் சொறிந்தான்.

“தள்றது யாரு?”

“காத்து,” என்றேன்.

“அப்போ சட்டப்படி அடுத்த ரவுண்டு யாருக்கு?”

குமார் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தான்.

“காத்துக்கு! இன்னா சீனு, காத்த வண்டில குந்த வெச்சி ஒரு ரவுண்டு ஓட்ட வுடுவியா? வுடலன்னா அது ஓசி சவாரிதான் நைனா.”

சின்னப் பையன்கள் எல்லாம் ஹோவென்று சிரித்தார்கள். எனக்கு அழுகை முட்டியது. எத்தனை அருமையான யோசனை, இப்படி ஒரு கோணல் கேள்வியில் போய் மாட்டிக்கொண்டதே!

சீனு சிரிக்கவில்லை. “குடுக்கறேன்,” என்றான்.

“இன்னாத்த குடுப்ப?”

“நான் ஒரு ரவுண்டு போவேன். அடுத்த ரவுண்டு வண்டியைக் காலியா விட்டுடுவேன். பாயோட. காத்து எங்க வேணா ஓட்டிண்டு போகட்டும். அது ஏறின கணக்கு.”

சிரிப்பு நின்றுவிட்டது. குமார் குழாயிலிருந்து இறங்கினான். நியாயம் என்று பட்டுவிட்டால் அவனுக்கு மறுக்கத் தெரியாது. அது ஒரு நல்ல குணம்.

“சரி. ஆனா ஒண்ணு. ஒருத்தர் கைகூட வண்டி மேல படக் கூடாது. கை பட்டுச்சின்னா அது தள்ளினது. அப்புறம் நீ பதிலுக்குத் தள்ளணும். ஒத்துக்கிறியா?”

“ஒத்துண்டேன்.”

“இஸ்கோலு தொறக்க இன்னும் எட்டு நாளுதான் கீது. அதுக்குள்ள காட்டு.”

துணிக்கடைக்காரி கட்டிய பாய்

மறுநாள் காலையே வேலை ஆரம்பம். கட்டிட வேலை நடக்கிற இடத்தில் பாய்க்குக் கம்பமாக நிறுத்த ஒரு சவுக்குக் கம்பு கிடைத்தது. குறுக்கே கட்ட இன்னொன்று. கயிற்றுக்கு எங்கள் வீட்டுக் கொடி. துணிதான் முக்கியம். அப்பா தி.நகரில் ஒரு துணிக்கடையில் பங்குதாரர். தலையணை உறை தைக்க என்று அம்மா மூன்று கஜம் காடாத் துணி எடுத்து வைத்திருந்தாள். அலமாரியிலிருந்து அது என் பாவாடைக்குள் சுருண்டு வெளியே வந்தது.

இங்கே நான் செய்த பிசகைச் சொல்லியாக வேண்டும். துணிக்கடைக்காரன் மகளைத் தவிர வேறு யாரும் அதைச் செய்திருக்க மாட்டார்கள்.

எங்கள் வீட்டில் துணியில் சுருக்கம் என்றால் குற்றம். கடையில் அப்பா ஒரு துணியை விரித்தால், இரண்டு பக்கமும் இழுத்து, உள்ளங்கையால் நீவி, மேஜை மேல் கண்ணாடி போட்ட மாதிரி கிடத்துவார். அதைப் பார்த்தே வளர்ந்தவள் நான். பாயையும் அப்படித்தான் கட்டினேன். நாலு முனையையும் நாலு பக்கம் இழுத்து, பல்லால் முடிச்சை இறுக்கி, ஒரு சுருக்கம் இல்லாமல். தட்டினால் மத்தளம் மாதிரி சத்தம் வந்தது. என் கண்ணுக்கு அது அப்படி ஓர் அழகு!

“கொஞ்சம் லூஸா இருக்க வேண்டாமோ?” என்று சீனு கேட்டான்.

“உனக்குத் துணியைப் பத்தி என்னடா தெரியும்?” என்று வாயை அடைத்துவிட்டேன்.

இன்னொரு பிசகும் என்னுடையதுதான். அவசரம். காற்று வந்தவுடனே மூன்றரை மணிக்கே ஓட்டிப் பார்க்கணும் என்று நின்றேன். வழக்கமாக அந்த நேரத்தில் எங்களை வெளியே விட மாட்டார்கள். அதனால் எங்கள் ஒருவருக்கும் தெரியவில்லை: புதிதாகப் போட்ட தார் ரோடு, மே மாதத்து மூன்றரை மணிக்கு அல்வா மாதிரி இருக்கும்.

சீனு ஏறி உட்கார்ந்தான். மூன்று பேரிங்கும் ரோட்டுக்குள் விரல்கடை இறங்கின. வண்டி அசையவில்லை. காற்றோ விடுவதாக இல்லை. மேலே பாயை முட்டித் தள்ளியது. கீழே தார் பிடித்து வைத்துக்கொண்டது. என்ன ஆகும்? வண்டியின் பின்பக்கம் மெதுவாக, மரியாதையாக, வாலைத் தூக்கும் மாடு மாதிரி எழும்பியது. சீனு முன்னால் சரிந்து இரண்டு கையையும் தாரில் ஊன்றினான். அவன் முதுகின் மேல் பாய். பாயின் மேல் நான் போட்ட அழகான முடிச்சுகள்.

ஓடிப்போய்த் தூக்கலாமா? கை படக் கூடாதே! ஒரு நிமிஷம் எல்லோரும் நின்ற இடத்தில் தவித்தோம்.

“அவன் மேல கை படலாம்! வண்டி மேலதான் கூடாது!” என்று கத்தியவன் குமார்தான். முதலில் ஓடித் தூக்கியவனும் அவன்தான்.

உள்ளங்கை இரண்டும் கன்னங்கரேல் என்றிருந்தன. மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்துவிட்டேன். “எரியுதாடா?” “இல்லை.” பொய். கண்ணில் தண்ணீர் நின்றது. தார் சூட்டினாலா, வேறெதனாலா, நான் கேட்கவில்லை.

“பாய்க்கு வயிறு வேணும்”

அப்போதுதான் பின்னாலிருந்து ஒரு சிரிப்புக் கேட்டது. கன்னியம்மா. குப்பத்துப் பெண், என் வகுப்பு, மூன்றாம் பெஞ்சு. அவள் அப்பா கட்டுமரத்தில் போகிறவர். அவள் அம்மா எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவருவார்கள். விற்று முடித்த காலிக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கன்னியம்மா எவ்வளவு நேரமாக வேடிக்கை பார்த்தாளோ தெரியாது.

“இன்னாமே இது? சினிமாக் கொட்டாய்ல படம் காட்றதுக்குக் கட்டினியா?”

“பாய்டி. கப்பல் பாய்.” ரோஷமாகச் சொன்னேன்.

“இதான் பாயா? எங்க நைனா பார்த்தாருன்னா கடல்லயே வுழுந்து வுழுந்து சிரிப்பாரு. பாய்க்கு வயிறு வேணும்டி. காத்து வந்து உள்ள குந்த வாணாமா? நீ கதவ சாத்தி வெச்சிகினு வா வான்னா எப்டி வரும்?”

போர்வை! மாடியில் போர்வை பூரி மாதிரி உப்பியதே! என் கண்ணால் பார்த்துவிட்டு, கையால் அதை நீவித் தட்டையாக்கியிருக்கிறேன். தலையில் நானே குட்டிக்கொண்டேன்.

“நீ கட்டித் தருவியா?” என்று சீனு கேட்டான்.

“கட்னா எனக்கு இன்னா?”

“ஒரு ரவுண்டு.”

“தள்ளாம ஏற வுடுவானா உங்க கேப்டன்?”

எல்லோரும் குமாரைப் பார்த்தோம். அவன் வானத்தைப் பார்த்தான். “பாய் கட்றதும் வேலதான்,” என்று முணுமுணுத்தான். சட்டத்தில் அன்றுதான் முதல் ஓட்டை விழுந்தது. யாரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

கன்னியம்மா கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டு வேலையில் இறங்கினாள். கம்பத்தை அரை ஆள் உயரத்துக்குக் குறைத்தாள். பலகையின் நடுவில் இருந்ததைப் பின்னுக்குத் தள்ளினாள். துணியின் மேல் பக்கத்தைக் குறுக்குக் கம்பில் தளரக் கட்டி, கீழ் முனைகள் இரண்டையும் ஒரே கயிற்றில் சேர்த்து சீனுவின் வலது கையில் கொடுத்தாள்.

“இழுத்துப் புடிச்சின்னா காத்து உள்ள வரும். வுட்டின்னா பாய் படபடன்னு அடிச்சிக்கும், வண்டி நின்னுடும். அவ்ளோதான். புரிஞ்சிதா?”

“இன்னொரு கைல ஸ்டியரிங்,” என்றான் சீனு. இடது கையால் முன்சக்கரத்துக் கயிற்றைத் தொட்டுப் பார்த்தான். “கால் எதுக்குமே வேண்டாம்!”

அதை அவன் சொன்ன விதம்! ஏதோ கணக்குக்கு விடை கிடைத்த மாதிரி, சத்தமாக, எல்லோருக்குமாக.

கையைக் கட்டுங்கள்

அடுத்த நாள் தார் இறுகட்டும் என்று ஐந்தரை வரை காத்திருந்தோம். எனக்கு அது ஐந்தரை வருஷம். இதற்கிடையில் அம்மா அலமாரியைக் குடைந்து, “அந்தக் காடாத் துணிய எங்கட்டி?” என்று கேட்க, “மாடியில காயுது,” என்றேன். நனைக்காத துணி ஏன் காய்கிறது என்று அம்மா கேட்பதற்குள் தெருவில் இருந்தேன்.

பையன்கள், பெண்கள் எல்லோருமாகப் பத்துப் பன்னிரண்டு பேர். கடல் எங்கள் முதுகுக்குப் பின்னால். ரோடு நேராக மேற்கே போகிறது. இரண்டு பக்கமும் பாதி எழும்பிய சுவர்கள், செங்கல் குவியல். ஆள் நடமாட்டமே இல்லை. சீனு ஏறி உட்கார்ந்து காலிபரை நீட்டி வைத்துக்கொண்டான். குமார் சுண்ணாம்புக் கட்டியால் வண்டிக்குப் பின்னால் ஒரு கோடு போட்டான்.

“யாரும் கோட்டத் தாண்டக் கூடாது. எல்லாரும் கையக் கட்டுங்க!”

கட்டினோம். முதுகுக்குப் பின்னால்.

சீனு கயிற்றை இழுத்தான். பாய் கொஞ்சம் உப்பியது. வண்டி ‘கிரீச்’ என்றது. நகரவில்லை. மறுபடி உப்பியது. பலகை முனகியது. நகரவில்லை.

நின்ற வண்டியைக் கிளப்புவதுதான் கஷ்டம், ஒரு விரலால் தொட்டுவிட்டால் போதும், போய்விடும். அது அங்கே நின்ற ஒவ்வொருவருக்கும் தெரியும். என் ஆள்காட்டி விரல் துடித்தது. சீனுவின் முதுகு என்னிடமிருந்து நாலடி. அந்த முதுகுக்கும் தெரியும். தொட்டால் இறங்கிவிடுவான். இறங்கினால் இனி ஒரு நாளும் ஏற மாட்டான்.

அப்போது குமார் ஒரு காரியம் செய்தான். கையைப் பின்னால் கட்டியபடியே கோட்டில் முட்டி போட்டான். கன்னத்தை உப்பவைத்தான். பாயைப் பார்த்து ‘பூ’ என்று ஊதினான்.

“டேய், ஊதலாமாடா?” என்றேன்.

“காத்துதானே? கை இல்லையே!”

அவ்வளவுதான். பன்னிரண்டு பேரும் கோட்டில் முட்டி போட்டோம். பூ! பூ! பூ! கன்னியம்மாவுக்குச் சிரிப்புத் தாங்காமல் எச்சில்தான் பறந்தது. சீனு திரும்பிப் பார்த்து, “எழுந்திருங்கடா, அசிங்கமா இருக்கு!” என்று கத்திக்கொண்டிருக்கும்போதே பனை ஓலைகள் சலசலத்தன. கன்னியம்மா சிரிப்பை நிறுத்தினாள்.

“வருது. இழு! சீனு, கவுத்த இழு!”

எங்கள் தலைமயிரெல்லாம் முன்னால் விழுந்தது. பாய்க்கு வயிறு வந்தது. அப்படி ஒரு வயிறு! ‘கர்ர்ர்ர்’ என்று தொடங்கிய சத்தம் ‘ஙொய்ங்ங்’ என்று ஏறியது. வண்டி போய்விட்டது!

ஓடினோம். ஒரு கை படாமல், ஒரு முதுகு குனியாமல், வண்டி போகிறது! முதல் விளக்குக் கம்பம். இரண்டாவது. சிமென்ட் குழாய்கள். குமார் மட்டும் பக்கத்தில் ஓட முடிந்தது. மூன்றாவது கம்பத்தில் அவனும் இடுப்பைப் பிடித்துக்கொண்டான். சீனு என்ன கத்தினான் என்று யாருக்கும் புரியவில்லை. பேரிங் சத்தத்துக்கு மேல் கேட்ட ஒரே ஒரு நீண்ட ‘ஆ’. அவ்வளவு பெரிய சத்தம் அவனுக்குள் இருந்தது எங்களுக்குத் தெரியாது.

“கவுத்த வுடு! வுட்டுடு!” என்று கன்னியம்மா அலறினாள். எதிரே ரோட்டோரம் ஆற்று மணல் குவியல்.

விடவே இல்லையே அவன்! கடைசி வரை இழுத்துப் பிடித்துக்கொண்டு, முகத்தில் அத்தனை பல்லோடு, நேராகப் போய் மணலில் ஏறி, மல்லாந்தான்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மூக்கு, காது, சட்டைப்பை எல்லாம் மணல்.

“ஏண்டா வுடல?” என்றாள் கன்னியம்மா.

“தோணலை,” என்றான். “எத்தனை கம்பம்?”

“அஞ்சு,” என்றான் குமார், மூச்சு வாங்கிக்கொண்டே. “என்னாலயே முடியலடா. அஞ்சு கம்பம்!”

காற்றின் முறை

எல்லோரும் மறந்துவிட்டோம். குமார்தான் முதலில், “நவுரு, அடுத்து நான் ஏர்றேன்,” என்று பலகையைத் தூக்கினான். சீனு அதன் மேல் கை வைத்தான்.

“அடுத்த ரவுண்டு காத்துக்கு.”

“டேய், அது சும்மா சொன்னதுடா. வெளாட்டுக்கு.”

“நீ விளையாட்டுக்குச் சொன்னே. நான் விளையாட்டுக்கு ஒத்துக்கலை.”

“வண்டி பூடும்டா!”

“போகட்டும். காத்து தள்ளித்து, நான் ஏறினேன். இப்ப அது ஏறணும். இல்லேன்னா நான் போனது ஓசி.”

குமார் என்னைப் பார்த்தான். நான் கன்னியம்மாவைப் பார்த்தேன். அவள் பாயின் கயிற்றைப் பலகையோடு சேர்த்து முடிந்தாள், காற்று தானே பிடித்துக்கொள்ளும்படி. மணலைச் சுற்றி வண்டியைக் கொண்டுபோய் ரோட்டில் வைத்தோம். எல்லோரும் விலகி நின்றோம். இந்தத் தடவை யாரும் கையைக் கட்டச் சொல்லவில்லை, தானாகவே கட்டிக்கொண்டிருந்தோம்.

ஆள் கனம் இல்லாத வண்டி. ஒரு மூச்சுக்கே கிளம்பிவிட்டது. யாரும் உட்காராத வண்டி, பாய் உப்ப, தனியாக, ஒய்யாரமாக ரோட்டின் நடுவில் போவதைப் பார்த்து சின்னப் பையன்கள் கை தட்டினார்கள். உண்மையாகவே யாரோ உட்கார்ந்து போகிற மாதிரிதான் இருந்தது. கொஞ்ச தூரம் போனதும் வலது பக்கம் சாய்ந்தது. ஓரத்தில் எகிறியது. கடைக்கால் தோண்டிய ஒரு பள்ளத்துக்குள் ‘தடால்’.

எட்டிப் பார்த்தோம். பேரிங்குகள் நன்றாக இருந்தன. துணியில் ஒரு முழக் கிழிசல். பலகை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து கிடந்தது.

குமாரின் பலகை. ஒரு வருஷமாக அவன் எண்ணெய் தடவி வைத்திருந்த பலகை. அடிப்பான் என்றுதான் நினைத்தேன். அவன் குனிந்து பிளவைப் பார்த்தான்.

“காத்துக்கு ஓட்டவே தெரியலடா,” என்றான்.

முதலில் சிரித்தது சீனு. பிறகு எங்களுக்கு வயிறு வலிக்கும் வரை நிற்கவில்லை.

சிரிப்பு அடங்கும்போது சீனு பள்ளத்தின் ஓரம் உட்கார்ந்து, பிளந்த பலகையை எட்டி எடுத்து அளந்து பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு சாண், இரண்டு சாண், மூன்று.

“அந்தக் கட்டிடத்துல சாரப் பலகை ஒண்ணு உடைஞ்சு கிடக்கே, அங்க வாட்ச்மேன்கிட்ட கேட்டா தருவாரா?”

“அது ரொம்ப நீளம்டா,” என்றேன்.

“நீளமாத்தான் வேணும். ரெண்டு பேர் உக்காரணும். முன்னாடி ஒருத்தர். பின்னாடி பாய்க்கயித்தைப் பிடிச்சிண்டு நான்.” குமார் பக்கம் திரும்பினான். “இழுத்துப் பிடிச்சா வண்டி போறது, விட்டா நிக்கறது. அப்போ வண்டியைத் தள்றது யாரு?”

குமார் தாடையைச் சொறிந்தான். அவசரப்படவில்லை. தெருவின் சட்டம் அல்லவா? பாயைப் பார்த்தான், கயிற்றைப் பார்த்தான், தார்க் கறை போகாத சீனுவின் உள்ளங்கையைப் பார்த்தான்.

“கவுறு புடிக்கிறவன்தான்,” என்றான் கடைசியாக. “கவுறு புடிக்கிறவன்தான் தள்றவன்.”

சீனுவின் காது சிவந்தது. நான் அலமாரியில் இன்னும் என்ன துணி இருக்கிறது என்று யோசிக்க ஆரம்பித்தேன். “எனக்கு ஒரு ரவுண்டு பாக்கி கீது,” என்றபடி கன்னியம்மா இரண்டு ஆள் கனத்துக்குக் கம்பம் எங்கே நிற்க வேண்டும் என்று மணலில் குச்சியால் கோடு போட்டாள்.

“நாளைக்கு அஞ்சரைக்கு வந்துடு,” என்றான் சீனு, குமாரின் தோளைப் பிடித்து எழுந்துகொண்டே. “முன்னாடி நீதான் உக்காரப் போறே. உன்னைத் தள்ளப் போறது நான்.”